ஒரே மாவோடு ஓர் ஆண்டு: திருவழிபாட்டு நாட்காட்டிப்படி வீட்டுச் சமையல்

கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக், ஈஸ்டருக்கு ஒரு விருந்து. பெரும்பாலான வீடுகளில் நாட்காட்டிக்கும் அடுப்புக்கும் உள்ள உறவு இந்த இரண்டோடு முடிந்துவிடுகிறது. நடுவில் வரும் புனித லூசியா நாள், மூன்று அரசர் திருநாள், சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய், பெரிய வெள்ளி எல்லாம் கோயில் அறிவிப்போடு போய்விடுகின்றன. ஏதாவது செய்யலாம் என்று ஆசைப்படுகிறவர்களும் ஒவ்வொரு நாளுக்கும் புதிதாக ஒரு செய்முறையைத் தேடுகிறார்கள். முதல் முயற்சியே பண்டிகையன்று நடக்கிறது. ரொட்டி கல்லாக வெளியே வந்ததும் ஆசையும் போய்விடுகிறது.

ஐரோப்பாவின் பண்டிகை ரொட்டிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்வீடனின் குங்குமப்பூ பன், ஸ்பெயினின் அரசர் வளையம், இங்கிலாந்தின் சிலுவை பன், கிரேக்கத்தின் ஈஸ்டர் பின்னல் ரொட்டி எல்லாமே பால், முட்டை, வெண்ணெய், சர்க்கரை சேர்ந்த ஒரே ஈஸ்ட் மாவின் பிள்ளைகள். வாசனையும் வடிவமும்தான் மாறுகின்றன. அந்த ஒரு மாவு கைக்குப் பழகிவிட்டால் ஆண்டின் பாதித் திருநாள்கள் நம் கைக்குள் வந்துவிடும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அதே மாவைப் பிசைகிறோம் என்பதால், ஒரு திருநாளில் செய்த தவறை அடுத்த திருநாளில் திருத்தவும் முடிகிறது.

அடிப்படை மாவு

மாவு 500 கிராம், பால் 250 மில்லி, முட்டை 1, சர்க்கரை 75 கிராம், வெண்ணெய் 75 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். கப் அளவில் போகாமல் தராசில் நிறுத்துச் செய்யுங்கள். மாவை அள்ளும் விதத்தைப் பொறுத்தே ஒரு கப்புக்கு 20, 30 கிராம் வித்தியாசம் வரும். இந்த மாவுக்கு அது பெரிய வித்தியாசம். மைதாவிலேயே செய்யலாம். பாக்கெட்டின் பின்புறம் புரதம் 100 கிராமுக்கு 11 அல்லது 12 கிராம் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 9 என்றிருந்தால் பன் மேலே எழாமல் பக்கவாட்டில் பரவும்.

பாலைக் கொதி வரும் வரை காய்ச்சி ஆறவிட வேண்டும். பச்சைப் பாலின் மோர்ப்புரதம் மாவின் பசைத்தன்மையைத் தளர்த்தும். காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடும். ஆறிய பால் விரலுக்கு இளஞ்சூடாக, 35 டிகிரி அளவில் இருக்கட்டும். 45 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளரும், 60ஐத் தாண்டினால் செத்துவிடும். 'மாவு உப்பவே இல்லை' என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தச் சூட்டில்தான் போய் முடிகின்றன.

வெண்ணெய் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கி, மூடி 20 நிமிடம் விடுங்கள். பாலில் 20 மில்லியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் பிறகு சேருங்கள். அந்த 20 நிமிடத்தில் மாவு நீரை இழுத்துக்கொண்டு தானாகவே பாதி பிசைந்த பதத்துக்கு வந்துவிடும். பிறகு 8 நிமிடம் பிசைந்து, மிருதுவான வெண்ணெயை ஐந்தாறு துண்டாக ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். வெண்ணெய் உள்ளே போனதும் மாவு குழைந்து, கையெல்லாம் ஒட்டி, கெட்டுப்போன மாதிரி தெரியும். இங்கேதான் பலரும் பயந்து ஒரு பிடி மாவை அள்ளிப் போடுகிறார்கள். போடாதீர்கள். இன்னும் 8 நிமிடம் தொடர்ந்து பிசைந்தால் மாவு திரும்ப ஒன்றுகூடி, பாத்திரத்தின் ஓரத்தை விட்டு விலகி, பட்டுப்போல் பளபளக்கும். சிறு உருண்டை கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு விரிந்தால் பிசைந்தது போதும். அள்ளிப் போட்ட அந்த ஒரு பிடி மாவுதான் மறுநாள் பன்னை வறட்டியாக்கும்.

முதல் உப்பல் 25 டிகிரி அறையில் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். 32 டிகிரி அறையில் 45 நிமிடமே போதும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: இரு மடங்கு ஆனதும் நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ஈஸ்டுக்குக் கிடைக்க வேண்டிய நீரைச் சர்க்கரையே பிடித்துக்கொள்ளும். நம் மாவில் அது 15 சதவீதம். அதனால் சாதா ரொட்டியைவிட மெதுவாகத்தான் எழும். அதைத் தவறென்று நினைக்க வேண்டாம்.

இரவு பிசைந்து, அறையில் அரை மணி வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் 8 முதல் 12 மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லது. வாசனை கூடும், வெண்ணெய் இறுகியிருப்பதால் காலையில் உருவம் கொடுக்கும்போது கையில் ஒட்டாது. திருநாள் காலையில் பூசைக்குக் கிளம்ப வேண்டிய வீட்டுக்கு இதைவிட வசதியான வழி இல்லை.

இரண்டாம் உப்பலுக்கு விரல்தான் அளவுகோல். உருண்டையின் பக்கத்தில் லேசாக அழுத்துங்கள். பள்ளம் உடனே நிரம்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி நிரம்பினால் ஓவனுக்குப் போகலாம். நிரம்பவே இல்லையென்றால் தாமதித்துவிட்டோம். உடனே சுட்டால் ஓரளவு தப்பிக்கும். வெந்ததா என்பதற்கு நிறத்தை நம்பக் கூடாது, சர்க்கரையும் பாலும் சீக்கிரம் சிவந்துவிடும். உள்வெப்பமானி இருந்தால் நடுவில் 90 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள். 96 வரை விட்டால் மறுநாள் அது ரஸ்க்.

திருவருகைக் காலம்: குங்குமப்பூவும் ஸ்டோலனும்

திருச்சபை ஆண்டு தொடங்குவது ஜனவரியில் அல்ல, கிறிஸ்துமஸுக்கு நான்கு ஞாயிறு முன்னால். 2026இல் அது நவம்பர் 29. அந்த வாரம் செய்ய வேண்டியது ஜெர்மனியின் உலர்பழ ரொட்டியான ஸ்டோலன். இரண்டு வாரம் பொதிந்து வைத்தால்தான் இதற்குப் பதம் வரும் என்பதால் தள்ளிப்போட முடியாது.

ஒரு காலத்தில் திருவருகைக் காலமும் நோன்புக் காலமே. வெண்ணெய் விலக்கு என்பதால் டிரெஸ்டன் பக்கத்து ரொட்டிக்காரர்கள் எண்ணெயில் செய்து பார்த்துச் சலித்துப்போனார்கள். 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்தார். 'வெண்ணெய்க் கடிதம்' என்றே அதற்குப் பெயர். இன்றைய ஸ்டோலனில் வெண்ணெய் இவ்வளவு தாராளமாக இருப்பதைப் பார்த்தால், அந்த அனுமதியை மக்கள் எவ்வளவு ஆவலோடு வரவேற்றிருப்பார்கள் என்பது புரியும்.

நம் அடிப்படை மாவில் பாலை 150 மில்லியாகக் குறைத்து, வெண்ணெயை 200 கிராமாகக் கூட்ட வேண்டும். உலர் திராட்சை 300 கிராம், பொடியாக நறுக்கிய ஆரஞ்சுத் தோல் மிட்டாய் 80 கிராம், பாதாம் 100 கிராம் சேரும். இவ்வளவு கொழுப்பு இருந்தால் ஈஸ்ட் திணறும். அதனால் முழுப் பாலோடும் முழு ஈஸ்டோடும் 150 கிராம் மாவைத் தனியே கரைத்து, நுரைத்துப் பொங்கும் வரை 40 நிமிடம் வைத்து, பிறகு மீதியைச் சேருங்கள். திராட்சையை முந்தின இரவே ரம்மிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊற வைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, கடைசி ஒரு நிமிடம் மட்டும் கலக்க வேண்டும். நீண்ட நேரம் பிசைந்தால் திராட்சை நசுங்கி மாவு சாம்பல் நிறமாகிவிடும். வெளியே துருத்தி நிற்கும் திராட்சைகளைக் கிள்ளி அடியில் செருகிவிடுங்கள்; மேலே நின்றால் கருகிக் கசக்கும். 175 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம். சூடாக இருக்கும்போதே 100 கிராம் உருக்கிய வெண்ணெயை எல்லாப் பக்கமும் பூசி, ஆறியபின் பொடித்த சர்க்கரையை வெள்ளையாகத் தூவிப் பொதிந்து வையுங்கள். அந்த வெண்ணெய்ப் பூச்சுதான் இரண்டு வாரத்துக்கு ஈரத்தைக் காக்கிறது. அதில் சிக்கனம் பார்த்தால் ரொட்டி வறண்டுவிடும்.

டிசம்பர் 13 புனித லூசியா. ஸ்வீடனில் அன்று குங்குமப்பூ பன். அடிப்படை மாவுக்கு அரை கிராம் குங்குமப்பூ. ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு உரலில் நுணுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சூடான பாலில் அரை மணி ஊற வைக்க வேண்டும். இழை இழையாக அப்படியே போட்டால் அங்கங்கே மஞ்சள் திட்டாக நிற்கும். 70 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, 30 சென்டிமீட்டர் கயிறாக உருட்டி, இரு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாகச் சுருட்டினால் 'எஸ்' வடிவம். இரண்டு சுருளின் நடுவிலும் ஊறிய திராட்சை ஒன்றை ஆழமாக அழுத்துங்கள். இந்த பன் சீக்கிரம் உலரும். அதனால் 220 டிகிரியில் 8 நிமிடம் என்று குறைந்த நேரம், அதிகச் சூடு. வெளியே எடுத்ததும் துணி போட்டு மூடி ஆறவிடுங்கள். அன்று மாலைக்குள் தீராததை உடனே உறையவைப்பது நல்லது.

ஜனவரி 6, பிப்ரவரி 2

மூன்று அரசர் திருநாளான திருக்காட்சிப் பெருவிழாவுக்கு ஸ்பெயினில் அரசர் வளையம். அடிப்படை மாவில் ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சைத் தோலின் துருவல், ஒரு மேசைக்கரண்டி ஆரஞ்சுப் பூநீர் சேர்த்து, அந்த அளவு பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள். உருண்டையின் நடுவில் துளையிட்டு விரிக்கும்போது துளை அபத்தமாகப் பெரிதாகத் தெரிய வேண்டும், குறைந்தது 12 சென்டிமீட்டர். உப்பும்போது பாதி மூடிக்கொள்ளும். வெண்ணெய் தடவிய, ஓவனுக்கு ஏற்ற ஒரு கிண்ணத்தை நடுவில் கவிழ்த்து வைத்தும் சுடலாம். 180 டிகிரியில் 25 நிமிடம். உள்ளே ஒரு சின்ன உருவத்தையும் ஒரு பயற்றையும் ஒளித்து வைப்பது வழக்கம். உருவம் கிடைத்தவருக்கு முடி சூட்டுவார்கள், பயறு கிடைத்தவர் ரொட்டிக்குக் காசு தர வேண்டும். பிளாஸ்டிக் உருவத்தை வைத்துச் சுடவே கூடாது. சுட்டு ஆறியபின் அடியிலிருந்து செருகுங்கள். சிறு பிள்ளைகள் மூச்சில் எதுவும் சிக்கிவிடலாம் என்பதால், அவர்கள் இருக்கிற வீட்டில் ஒளித்து வைப்பதையே விட்டுவிட்டு, அடியில் செருகிய காகிதச் சீட்டில் அரசரைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அளித்த விழா. பிரான்சில் அன்று மெல்லிய தோசை போன்ற க்ரேப். இங்கிலாந்தில் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாயன்று செய்யும் பான்கேக்கும் கிட்டத்தட்ட அதே கரைசல்தான்: மாவு 125 கிராம், முட்டை 2, பால் 250 மில்லி, உருக்கிய வெண்ணெய் 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. மாவையும் முட்டையையும் மூன்றில் ஒரு பங்குப் பாலோடு முதலில் கெட்டியாக அடித்து, பிறகு மீதிப் பாலைச் சேர்த்தால் கட்டி விழாது. எல்லாப் பாலையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டிகள் தப்பி ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணியாவது ஊற விடுங்கள். 24 சென்டிமீட்டர் வாணலிக்கு 60 மில்லி. முதல் க்ரேப் கெடுவதற்குக் காரணம் வாணலி. அது சீராகச் சூடாகியிருக்காது, மேலே வெண்ணெய் அதிகமாகவும் இருக்கும். காகிதத்தால் துடைத்தெடுத்த அளவு பசை போதும்.

தவக்காலம் வரும் வழி

ஈஸ்டர் தேதியைத் தெரிந்துகொண்டால் மற்றவை தானாக விழும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். மார்ச் 22க்கு முன்னாலோ ஏப்ரல் 25க்குப் பின்னாலோ வராது. 46 நாள் முன்னால் சாம்பல் புதன், 49 நாள் பின்னால் பெந்தெகொஸ்தே. 2027இல் ஈஸ்டர் மார்ச் 28, சாம்பல் புதன் பிப்ரவரி 10, பெந்தெகொஸ்தே மே 16. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளின் கணக்கு வேறு. அவர்களுக்கு அந்த ஆண்டு ஈஸ்டர் மே 2.

தவக்காலத்தில் முட்டை, பால், வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால், முந்தின செவ்வாய்க்குள் வீட்டில் இருப்பதைத் தீர்க்க வேண்டியிருந்தது. பான்கேக் பிறந்தது அப்படித்தான். ஸ்வீடனில் அதே செவ்வாய்க்கு 'செம்லா' என்ற பன். அடிப்படை மாவில் அப்போது பொடித்த ஏலக்காய் ஒரு தேக்கரண்டி சேர்த்து 12 உருண்டை, 200 டிகிரியில் 12 நிமிடம். முழுவதும் ஆறியபின் மேல்பகுதியை மூடிபோல் வெட்டி, உள்ளிருக்கும் மிருதுவான பகுதியைச் சுரண்டி எடுத்து, பாதாம் பொடியும் சர்க்கரையும் சம எடையில் அரைத்த விழுது 200 கிராமோடும் நாலைந்து மேசைக்கரண்டி பாலோடும் பிசைந்து திரும்ப நிரப்புங்கள். மேலே அடித்த க்ரீம், அதன்மேல் மூடி. பன் கொஞ்சம் சூடாக இருந்தாலும் க்ரீம் உருகி வழிந்துவிடும்.

மறுநாள் முதல் மாவுக்கும் நோன்பு. கத்தோலிக்கருக்கு இன்று சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள்: ஒரு முழு உணவு, இரண்டையும் சேர்த்தாலும் முழு உணவாகாத இரண்டு சிறு உணவு. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி இல்லை. ஆர்த்தடாக்ஸ் முறை கடுமையானது. இறைச்சியோடு மீன், முட்டை, பால் பொருள்களும் விலகும். கிரேக்கத்தில் அவர்களது தவக்காலத்தின் முதல் நாளான தூய திங்களன்று செய்யும் 'லகானா' ரொட்டியைப் பார்த்தால், நம் மாவிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தது போலிருக்கும்: மாவு 500 கிராம், தண்ணீர் 320 மில்லி, ஆலிவ் எண்ணெய் 30 மில்லி, உப்பு 10 கிராம், ஈஸ்ட் 7 கிராம். தடுக்கச் சர்க்கரை இல்லாததாலும் கொழுப்பு குறைவாக இருப்பதாலும் ஒரு மணியில் துள்ளி எழும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, விரல் நுனிகளால் பள்ளம் பள்ளமாகக் குத்தி, தண்ணீர் தடவி எள் தூவி, 220 டிகிரியில் 20 நிமிடம்.

அதோடு ஒரு பயற்றுச் சூப் இருந்தால் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்தது. வெள்ளை பீன்ஸ் 500 கிராமை, லிட்டருக்கு 15 கிராம் உப்பு போட்ட தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். உப்புப் போட்டால் வேகாது என்பார்கள். ஊறும் நீரில் உப்பு இருந்தால் தோல் இளகி, வெடிக்காமல் வேகும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. அதனால் வெங்காயம் 2, கேரட் 3, செலரித் தண்டு 2 ஆகியவற்றோடு முதலில் பயறு முழுதாக வெந்த பிறகே 400 கிராம் தக்காளியைச் சேர்க்க வேண்டும். ஆலிவ் எண்ணெய் 120 மில்லி. அதிகம் போலத் தோன்றினாலும் குறைக்காதீர்கள், சூப்புக்கு உடம்பு தருவது அதுதான். வெள்ளைக்குப் பதில் சிவப்பு ராஜ்மா போட்டால், ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்டே ஆக வேண்டும். அதிலுள்ள நச்சு மிதமான சூட்டில் அழியாது. மெதுசமையல் பானையில் நேரடியாகப் போட்டுச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

இறைச்சி இல்லாத நாளில் விலையுயர்ந்த மீனில் பெரிய விருந்து வைப்பது விதியை மீறாது. ஆனால் அந்த நாளின் பொருள் போய்விடும். எளிய உணவை எளியதாகவே, நன்றாகச் சமைப்பதுதான் தவக்காலச் சமையல்.

பெரிய வெள்ளியின் சிலுவை பன்

ஆண்டில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடிப்படை மாவு, அதோடு பட்டைத்தூள் ஒன்றரை தேக்கரண்டி, சாதிக்காய்த் துருவல் கால் தேக்கரண்டி, கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை, ஒரு ஆரஞ்சுத் தோலின் துருவல், உலர் திராட்சை 150 கிராம், ஆரஞ்சுத் தோல் மிட்டாய் 40 கிராம். பட்டையின் வாசனைக்குக் காரணமான எண்ணெய் ஈஸ்டை மந்தமாக்கும். அதனால் ஈஸ்டை 9 கிராமாகக் கூட்டிக்கொள்ளுங்கள். வாசனை போதவில்லையென்று பட்டையை இரட்டிப்பாக்கினால் மாவு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். கூடுதல் வாசனை வேண்டுமென்றால் கடைசியில் பூசும் பாகில் ஒரு துண்டுப் பட்டையைக் கொதிக்கவிடலாம். திராட்சையை வெந்நீரில் 15 நிமிடம் ஊற வைத்து ஒற்றி எடுங்கள். காய்ந்தபடியே போட்டால் சுற்றியுள்ள மாவின் ஈரத்தை அது குடித்துவிடும்.

வியாழன் இரவு 8 மணிக்குப் பிசைந்து, 10 மணிக்குள் குளிரில் வைத்தால், வெள்ளி காலை 6 மணிக்கு 12 உருண்டை. ஒவ்வொன்றும் 95 கிராம் வரும். உருட்டும்போது மேசையில் மாவு தூவக் கூடாது. அடியில் லேசான பிடிப்பு இருந்தால்தான் மேல்தோல் இழுபட்டு இறுகும். தட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிதான் விட வேண்டும். உப்பியதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பக்கங்கள் பஞ்சாக இருக்கும். தள்ளித் தள்ளி வைத்தால் சுற்றிலும் தோல் கெட்டியாகிவிடும். மாவு குளிர்ந்திருப்பதால் இரண்டாம் உப்பலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும்.

இனி சிலுவை. மாவு 75 கிராம், தண்ணீர் 75 முதல் 80 மில்லி. தண்ணீரை ஒவ்வொரு கரண்டியாகச் சேருங்கள். கரண்டியைத் தூக்கினால் நாடாவாக மெதுவாக இறங்கி, விழுந்த இடத்தில் ஒரு நொடி நின்று பிறகு கரைய வேண்டும். இதைவிட நீர்த்திருந்தால் ஓவனில் பரவி, பன் முகம் முழுக்க வெள்ளைத் தேமல் மாதிரி ஆகும். கெட்டியாக இருந்தால் வெந்தபின் உரிந்து தனியே வரும். காகிதக் கூம்பில் நிரப்பி, முனையை 4 மில்லிமீட்டர் அளவில் வெட்டி, இரண்டாம் உப்பல் முடிந்தபின், ஒரு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நிறுத்தாமல் கோடு இழுங்கள். பிறகு குறுக்கு வரிசை. ஒவ்வொரு பன்னாகச் சிலுவை போட்டால் கோடு நடுங்கும்.

200 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். பாகு தயாராக அடுப்பில் இருக்கட்டும்: இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு கொதி. பன் வெளியே வந்த நிமிடமே பூச வேண்டும். சுடச்சுட இருக்கும் தோலில்தான் பாகு மெல்லிய மினுமினுப்பாகக் காயும். ஆறிய பன்னில் பூசினால் கையில் பிசுபிசுக்கும். ஒருசந்தி இருப்பவர்களுக்கு இந்த பன் அன்றைய சிறு உணவுகளில் ஒன்றாகிவிடும்.

உயிர்ப்பு ஞாயிறும் அதன் ஐம்பது நாளும்

தவக்காலத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தவில்லை. நாற்பது நாளும் சேர்ந்த முட்டைதான் ஈஸ்டர் மேசைக்கு வந்தது. கிரேக்கத்தில் பெரிய வியாழனன்று முட்டைக்குச் சிவப்பு ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து வெங்காயத்தின் காய்ந்த தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியபின் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, அதிலேயே முட்டையை வேகவைத்தால் செங்காவி நிறம் ஏறும். முட்டை அறைச் சூட்டில் இருக்க வேண்டும். குளிரிலிருந்து எடுத்து நேரே போட்டால் விரிசல் விடும். காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் மெருகு வரும். வேகவைத்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருந்தால் அது அலங்காரத்துக்கு மட்டும். சாப்பிட வேண்டியதைக் குளிரில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

பின்னல் ரொட்டிக்கு, அதாவது 'த்சுரேகி'க்கு, அடிப்படை மாவில் இன்னொரு முட்டை, இன்னும் 40 கிராம் சர்க்கரை சேர்த்து, பாலை 50 மில்லி குறைக்க வேண்டும். மாஹ்லெப் என்ற காட்டுச் செர்ரிக் கொட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி சேரும். அது இல்லாவிட்டால் ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் போதும். மூன்று புரியையும் நடுவிலிருந்து இரு பக்கமாகப் பின்னுங்கள். ஒரு முனையில் தொடங்கினால் அந்த முனை இறுகி, மறுமுனை தொளதொளக்கும். இறுக்கிப் பின்னினால் ஓவனில் உப்பும்போது மடிப்புகள் பிளக்கும். 170 டிகிரியில் 35 நிமிடம், 15 நிமிடத்தில் மேலே அலுமினியத் தாள். சர்க்கரை கூடிய இந்த மாவு முதலில் பொன்னிறமாகிப் பிறகுதான் உள்ளே வேகும். ரொட்டி வெந்து ஆறியபின் சிவப்பு முட்டையை மடிப்பில் செருகினால் போதும்.

உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள். ஞாயிறு மதியத்துக்குள் எல்லாப் பலகாரத்தையும் மேசையில் குவித்து, சமைத்தவர் சாப்பிடக்கூட உட்காராமல் ஓய்ந்துபோவது தேவையே இல்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளுக்கும் பங்கு வையுங்கள். மீந்த பன்னும் பின்னல் ரொட்டியும் 300 கிராம் இருந்தால், பால் 500 மில்லி, முட்டை 3, சர்க்கரை 60 கிராம் அடித்து ஊற்றி, அரை மணி ஊறவிட்டு, 160 டிகிரியில் 40 நிமிடம் வைத்தால் அடுத்த ஞாயிறு முடிந்தது. ஊறும் நேரத்தைக் குறைத்தால் மேலே காய்ந்தும் அடியில் பால் நின்றும் போகும்.

பொதுக்காலம்

பெந்தெகொஸ்தேவுக்குப் பிறகு ஆறு மாதம் பெரிய சமையல் எதுவும் வேண்டாம். நாட்காட்டியே அப்படித்தான் அமைந்திருக்கிறது. வீட்டில் உள்ளவர்களின் பெயர்கொண்ட புனிதர் நாள்களைக் குறித்துக்கொண்டு, அன்று பாதி அளவு மாவில் ஆறு பன் செய்தால் அதுவே திருநாள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு இங்கிலாந்தின் பழைய 'ஆன்ம கேக்' உண்டு. ஈஸ்ட் இல்லாத, வாசனைப் பொருள் சேர்த்த பிஸ்கட். மாவு 225, வெண்ணெய் 110, சர்க்கரை 80 கிராம், மஞ்சள் கரு 2, கொஞ்சம் பால். சிலுவைக் கீறி 180 டிகிரியில் 15 நிமிடம்.

ஆண்டின் கடைசி ஞாயிறு, கிறிஸ்து அரசர் பெருவிழா, 2026இல் நவம்பர் 22. ஆங்கிலிக்கன் சபையின் 1549ஆம் ஆண்டு மன்றாட்டு நூலில் அந்த ஞாயிற்றின் மன்றாட்டு 'தூண்டி எழுப்பும்' என்று பொருள்படும் சொல்லில் தொடங்குகிறது. அதே சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'கிளறு' என்றும் பொருள் என்பதால், அன்றே கிறிஸ்துமஸ் புட்டிங்கையும் கேக்கையும் கிளறுவது இங்கிலாந்தில் வழக்கமாயிற்று. காலக்கணக்கும் சரியாகவே இருக்கிறது: பழக் கேக்குக்கு ஒரு மாதம் வேண்டும்.

20 சென்டிமீட்டர் வட்ட அச்சுக்கு உலர் பழம் 800 கிராம், முந்தின இரவே 100 மில்லி ரம் அல்லது பிராந்தியில் ஊறியது. வெண்ணெய் 225, பழுப்புச் சர்க்கரை 225, மாவு 225, பாதாம் பொடி 50 கிராம், முட்டை 4, வாசனைத்தூள் 2 தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் வேண்டாம். மாவு இளகி உப்பினால் பழம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். முட்டை குளிராக இருந்தால் வெண்ணெய் திரிந்து போகும். திரிந்தால் ஒரு கரண்டி மாவு சேர்த்து அடியுங்கள், கூடிவிடும். அச்சுக்குள்ளே இரண்டு அடுக்கு பேக்கிங் காகிதம், வெளியே இரண்டு அடுக்கு பழுப்புக் காகிதம் சுற்றிக் கட்டினால் ஓரம் கருகாது. 140 டிகிரியில் மூன்றரை மணி ஆனதும் குச்சி குத்திப் பாருங்கள். நாலே கால் மணி வரைகூட ஆகலாம். நடு மேடாகி வெடித்தால் ஓவன் சொல்வதைவிட அதிகச் சூட்டில் ஓடுகிறது என்று அர்த்தம்.

அச்சிலேயே முழுவதும் ஆறட்டும். முதலில் பேக்கிங் காகிதம், அதன்மேல் அலுமினியத் தாள். தாள் நேரடியாகக் கேக்கைத் தொட்டால் பழத்தின் புளிப்பு அதை அரிக்கும். வாரம் ஒருமுறை மெல்லிய குச்சியால் குத்தி ஒன்றரை மேசைக்கரண்டி ரம் விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வெட்டும்போது நடு ஈரமாக நசியும். மது சேர்க்காதவர்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைக்கலாம். ஆனால் அந்தக் கேக்கை ஒரு மாதம் வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சுட்டு ஆறியதும் பொதிந்து உறையவைத்து, 23ஆம் தேதி இரவு வெளியே எடுங்கள். பொதியின்மேல் தேதியை எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமை இரவு ஸ்டோலனுக்குத் திராட்சை ஊற வேண்டும்.